பரணில் கிடக்கும் பழைய ரயில் எஞ்சினுக்கு டிசிசியும் சத்தமும் பொருத்துவது எப்படி?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுப் பரணில் 30 வருடமாக ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெரியப்பா பிரான்சிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் ஒன்றிரண்டாகக் கொண்டுவந்த மாடல் ரயில் எஞ்சின்கள் அதற்குள் இருந்தன. ஜூஎஃப் இரண்டு, லிமா ஒன்று. மூன்றும் ஹெச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். போன வருடம் அவற்றை இறக்கி, டிசிசி பொருத்தி, சத்தமும் வைத்து ஓட விட்டேன். அதற்குள் ஒரு டிகோடர் கண் முன்னே எரிந்துபோனது. ஒரு பார்சல் கூரியர் கிடங்கில் 19 நாள் தூங்கியது. புதுச்சேரியிலும் கடலூரிலும் இதே மாதிரி பெட்டி வைத்திருக்கிற குடும்பங்கள் நிறைய உண்டு. நான் இழந்த பணத்தையும் நாளையும் நீங்கள் இழக்க வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

டிசிசி என்றால் என்ன என்று இரண்டு வரியில்: பழைய முறையான டிசியில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் கூட்டினால் எஞ்சின் வேகமாக ஓடும், குறைத்தால் நிற்கும், தண்டவாளத்தில் உள்ள எல்லா எஞ்சினும் சேர்ந்துதான் நகரும். டிசிசியில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே வோல்டேஜ் இருக்கும், கட்டளை அதன் மேலேயே சிக்னலாக ஏறி வரும். எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற சின்ன போர்டு தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொண்டு மோட்டாரையும் விளக்கையும் ஸ்பீக்கரையும் இயக்கும்.

ஒரே ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிகோடரைக் கடைசியில் வாங்குங்கள். அளக்க வேண்டியதை அளந்து, பிரிக்க வேண்டியதைப் பிரித்து முடித்த பிறகு ஆர்டர் போடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன்.

1. எந்த வகை எஞ்சின் என்று பாருங்கள்

எஞ்சினைக் கவிழ்த்துப் பாருங்கள். நடுவில் நீளமாக, சறுக்குக் கட்டை போல ஒரு உலோகத் தகடு இருந்தால் அது மெர்க்ளின் வகை. மூன்று முனை முறையில் ஏசியில் ஓடுவது. அதன் மோட்டாரில் ஃபீல்டு காயிலை எடுத்துவிட்டு நிரந்தரக் காந்தம் மாட்ட வேண்டும். அது வேறு வழி. இங்கே சொல்வது இரண்டு தண்டவாள டிசி எஞ்சினுக்கு மட்டும்.

தகடு இல்லையென்றால் ஒரு 9 வோல்ட் பேட்டரியை எடுத்து, இடது பக்கச் சக்கரத்துக்கு ஒரு முனை, வலது பக்கத்துக்கு ஒரு முனை என்று வயரால் தொடுங்கள். மோட்டார் சுற்றி, பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சுற்றினால் உங்களுடையது டிசி எஞ்சின். அசையவே இல்லையென்றால் பயப்பட வேண்டாம். பத்தில் எட்டு முறை காரணம் அழுக்குதான்.

2. பழைய முறையிலேயே முதலில் நன்றாக ஓடவையுங்கள்

டிசியில் திக்கித் திணறுகிற எஞ்சின் டிசிசியில் இன்னும் மோசமாக ஓடும். சத்தம் வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு அழுக்குப் புள்ளியிலும் டிகோடருக்கு வரும் கரண்ட் அறுந்து, ஸ்டார்ட் ஆகும் சத்தம் முதலிலிருந்து திரும்ப வரும்.

மேல்கூட்டைக் கழற்றுங்கள். பழைய கிரீஸ் மெழுகு போல இறுகி இருக்கும். பல் குத்தும் குச்சியாலும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலாலும் அதை எடுங்கள். மொபைல் சர்வீஸ் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் இந்த ஆல்கஹால் கிடைக்கும். மோட்டார் அச்சில் உள்ள செப்பு வளையமான கம்யூட்டேட்டரின் பிளவுகளுக்குள் கார்பன் தூள் அடைத்திருக்கும். அதையும் குச்சியால் கீறி எடுங்கள். உப்புத்தாள் மட்டும் போடாதீர்கள். அந்த வளையத்தைத் தொட்டுக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் அதையும். நம்மூர்க் கடல் காற்றில் 30 வருடம் இருந்த ஸ்பிரிங் பெரும்பாலும் துருவேறித்தான் இருக்கும். பேரிங்குக்கு ஒரே ஒரு சொட்டு எண்ணெய், அதுவும் ஊசி முனையில் எடுத்து வைக்கிற அளவு. சமையல் எண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. தையல் மெஷின் எண்ணெய் போதும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய எஞ்சின்களில், முக்கியமாக லிமாவில், ஒரு பக்கத் தண்டவாளத்தின் கரண்ட்டை முன் போகியும் (சக்கரத் தொகுதியும்) மறுபக்கத்தை பின் போகியும் எடுக்கும். இரண்டே இரண்டு சக்கரம் தொட்டால்தான் ஓட்டம். சத்தம் வைக்க இது போதாது. மற்ற சக்கரங்களின் பின்பக்கத்தை லேசாகத் தொடும்படி மெல்லிய பாஸ்பர் பிரான்ஸ் தகடு வைத்துக் கூடுதல் பிக்கப் செய்யுங்கள். பழைய ரிலேயைப் பிரித்தால் கிடைக்கும் காண்டாக்ட் தகட்டை நான் பயன்படுத்தினேன். ஒரு மாலை முழுக்கப் போனது, ஆனால் மொத்த வேலையிலும் அதிகம் பலன் தந்த மாலை அதுதான்.

3. ஸ்டால் கரண்ட்டை அளவிடுங்கள்

மோட்டார் சுற்ற முடியாமல் சிக்கிக்கொண்டால் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பதே ஸ்டால் கரண்ட். டிகோடர் தாங்கும் அளவு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

இதற்குத் தனிக் கருவி வேண்டாம். சிசிடிவி கேமராவுக்குப் போடுகிற 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் மாட்டி, மோட்டாருக்குத் தொடராக இணையுங்கள். கரண்ட் கொடுத்து, சக்கரத்தை விரலால் அழுத்தி நிறுத்தி, ஒரே விநாடியில் எண்ணைப் பார்த்துவிட்டு விடுங்கள். அதற்கு மேல் பிடித்தால் காயில் சூடேறும். அளந்து முடித்ததும் சிவப்பு வயரைப் பழையபடி வோல்ட் துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்துபோய் அப்படியே அடுத்த முறை வோல்டேஜ் பார்த்தால் நேரடி ஷார்ட்.

என் ஜூஎஃப் ஒன்று 0.8 ஆம்பியர் காட்டியது, நிம்மதி. லிமா 1.6 காட்டியது. ஒரு ஆம்பியரைத் தாண்டினால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். காந்தம் வலுவிழந்த மோட்டார் ஓடும்போது கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். பழைய காந்தத்தை எடுத்துவிட்டு நியோடிமியம் காந்தம் வைத்தால் அது இறங்கும், ஆனால் ஸ்டால் கரண்ட் இறங்காது. ஸ்டால் கரண்ட்டே குறைய வேண்டுமென்றால் மோட்டாரையே மாற்ற வேண்டும். தட்டு மாதிரி இருக்கிற லிமா, ஹார்ன்பி மோட்டாரின் இடத்தில் பழுதான டிவிடி பிளேயரின் சின்ன மோட்டாரை மாட்டிக்கொள்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நான் மகாத்மா காந்தி வீதி ஞாயிறு சந்தையில் 150 ரூபாய்க்கு ஒரு செத்த டிவிடி பிளேயர் வாங்கி மோட்டாரை எடுத்தேன். இவை பெரும்பாலும் 5, 6 வோல்ட் மோட்டார்கள். அதனால் பின்னால் டிகோடரில் அதிகபட்ச வேகத்தைக் குறைத்து வைப்பது கட்டாயம்.

4. மோட்டாரைச் சேசிஸிலிருந்து முழுதாகப் பிரியுங்கள்

என் டிகோடர் எரிந்த இடம் இது. நின்று நிதானமாகப் படியுங்கள்.

பழைய டிசி எஞ்சினில் உலோக அடிச்சட்டமான சேசிஸே ஒரு வயராக வேலை செய்யும். மோட்டாரின் ஒரு பிரஷ் நேராகச் சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கும். டிசியில் அதனால் ஒன்றும் கெடாது. டிசிசியில் தண்டவாளத்திலிருந்து வரும் கரண்ட் டிகோடருக்கு மட்டும் போக வேண்டும். டிகோடரிலிருந்து மட்டும் மோட்டாருக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு மயிரிழை அளவு உலோகம் இரண்டையும் தொட்டால், தண்டவாள வோல்டேஜ் டிகோடரின் மோட்டார் முனைக்குள் பின்பக்கமாக ஏறி அதை எரித்துவிடும்.

என் லிமாவில் கண்ணுக்குத் தெரிந்த வயர் இரண்டையும் வெட்டினேன். பிரஷ் பிடியின் பின்னால், நகக்கண் அளவு ஒரு செப்பு நாக்கு மடங்கி மோட்டார் உறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவில்லை. தண்டவாளத்தில் வைத்து கரண்ட் கொடுத்தேன். ஒரு விநாடி கூட ஆகவில்லை. டிகோடரின் மேலுள்ள கறுப்புச் சில்லில் கடுகளவு ஒரு கொப்புளம் எழும்பி வெடித்தது. அந்த வாசம் இரண்டு நாள் அறையில் இருந்தது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். பிரஷ்ஷுக்குப் போகும் எல்லா வயரையும் கழற்றுங்கள். மோட்டார் மேல் கடலைப் பருப்பு அளவில் பழுப்பு நிறத்தில் கபாசிட்டர்கள் இருக்கும். டிவியில் இரைச்சல் வராமலிருக்கப் போட்டவை. டிசிசி சிக்னலை அவை கெடுக்கும், எடுத்துவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை பீப் சத்தம் வரும் நிலையில் வைத்து ஆறு இடம் பாருங்கள்: முதல் பிரஷ்ஷுக்கும் இடது சக்கரத்துக்கும், வலது சக்கரத்துக்கும், சேசிஸுக்கும்; இரண்டாவது பிரஷ்ஷுக்கும் அதே மூன்று. ஆறில் ஒன்றில் கூட பீப் வரக் கூடாது. சக்கரத்தைக் கால் சுற்றுச் சுற்றி மறுபடி பாருங்கள். மேல்கூட்டை மாட்டி இன்னொரு முறை பாருங்கள்; திருகு இறுகும்போது உள்ளே ஏதாவது நகர்ந்து தொடலாம்.

பழைய ஹார்ன்பி, ட்ரையாங் எஞ்சின்களில் எக்ஸ்04 என்ற மோட்டார் இருக்கும். அதன் பிரஷ்ஷை அழுத்துகிற வி வடிவ ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் இன்சுலேஷன் ஸ்லீவ் இருக்கும். மறுகாலிலும் ஒரு ஸ்லீவ் ஏற்றினால் பிரிப்பு வேலை முடிந்தது.

விளக்கையும் மறக்காதீர்கள். பழைய பல்பின் ஒரு முனை சேசிஸில்தான் இருக்கும். பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு எல்இடி போடுவது நல்லது. வெப்பமும் குறையும்.

5. டிகோடரைத் தேர்ந்தெடுங்கள்

புதிய எஞ்சின்களில் நெம் 652 எனும் 8 முனை சாக்கெட்டோ, 21எம்டிசி, பிளக்ஸ்22, நெக்ஸ்ட்18 போன்றவையோ இருக்கும். உங்கள் பழைய எஞ்சினில் எதுவும் இருக்காது. எனவே தனி வயர்களோடு வருவதையோ, 8 முனை பிளக் உள்ளதையோ வாங்கி பிளக்கை வெட்டிவிடலாம்.

நான் இஎஸ்யூ என்ற நிறுவனத்தின் லோக்சவுண்ட் 5 என்ற சத்த டிகோடரை வாங்கினேன். மோட்டாருக்கு 1.5 ஆம்பியர் தரும். இடம் குறைவான எஞ்சினுக்கு லோக்சவுண்ட் 5 மைக்ரோ உண்டு, ஆனால் அது 0.75 ஆம்பியர்தான். மூன்றாவது படியில் எடுத்த அளவு இங்கே உதவும். ஜிமோவின் டிகோடர்களும் நல்லவை.

இதில் இரண்டு பொறி இருக்கிறது. முதலாவது, லோக்சவுண்ட் டிகோடரில் உங்களுக்கு வேண்டிய சத்தத்தை ஏற்ற லோக்புரோகிராமர் என்ற தனிக் கருவி தேவை. அதன் விலை ஒரு டிகோடரை விடக் கூடுதல். ஒன்றிரண்டு எஞ்சினுக்காக அதை வாங்காதீர்கள். ஆர்டர் போடும்போதே எந்தச் சத்தம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள், பல கடைகள் ஏற்றி அனுப்புகின்றன. இரண்டாவது, எஞ்சினுக்குப் பொருந்தாத சத்தம். என் ஜூஎஃப்களில் ஒன்று பிரெஞ்சு பிபி 67000 வகை டீசல். அசலில் அதற்குள் இருப்பது 16 சிலிண்டர் பீல்ஸ்டிக் எஞ்சின். அந்தச் சத்தத்தைத்தான் கேட்டேன். மற்றொன்று சிசி 6500, மின்சார எஞ்சின். அதில் டீசல் உறுமல் வைத்தால் தெரிந்தவர் முகம் சுளிப்பார். ஃபேன், கம்ப்ரசர், காண்டாக்டர் விழும் ஓசை ஆகியவைதான் அதற்குரியவை.

நம்மூர் வண்டிச் சத்தம் வேண்டுமென்றால் ஆல்கோ 251 என்று தேடுங்கள். டபிள்யூடிஎம்-2 இல் இருந்தது 16 சிலிண்டர் ஆல்கோ 251. மீட்டர்கேஜ் ஒய்டிஎம்-4 இல் இருந்தது அதன் 6 சிலிண்டர் தம்பி. விழுப்புரம் ஜங்ஷனில் சின்ன வயதில் நின்றவர்களுக்கு அந்த ஏற்ற இறக்கமான மூச்சு காதிலேயே இருக்கும். என் லிமாவுக்கு அதைத்தான் வைத்தேன். அசலுக்குப் பொருந்தாது என்று தெரிந்தும், அம்மாவுக்காக.

6. ஆர்டர், காகிதங்கள், கஸ்டம்ஸ்

நான் வாங்கியபோது லோக்சவுண்ட் 5 ஏறக்குறைய 115 யூரோ. யூரோ 90 ரூபாய் என்று வைத்தாலும் 10,350 ரூபாய். இதற்கு மேல்தான் தபால் செலவும் வரியும்.

வரி பற்றி முதலில் ஒன்று. ஐரோப்பியக் கடைகளின் விலையில் அந்த நாட்டு வாட் வரி சேர்ந்திருக்கும். பிரான்சில் 20 விழுக்காடு, ஜெர்மனியில் 19. இந்தியாவுக்கு நேராக அனுப்பும்போது அது சேராது. பல கடைகள் தாமாகக் கழிக்கும், சில கடைகளில் கேட்டால்தான் கழிப்பார்கள். கேளுங்கள்.

கூரியரில் வந்தால் கேஒய்சி கேட்பார்கள். ஆதார் அல்லது பான், கடையின் இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான கார்டு ஸ்டேட்மெண்ட் ஆகிய மூன்றையும் ஆர்டர் போட்ட அன்றே பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். பார்சலில் உள்ள பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். எனக்கு நடந்தது இதுதான்: இன்வாய்ஸில் அப்பா பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது, ஆதாரில் இனிஷியல் மட்டும். கேஒய்சி கேட்டு வந்த மின்னஞ்சலும் ஸ்பாம் பெட்டிக்குள் போய்விட்டது. 19 நாள். கிடங்கு வாடகையும் பில்லில் சேர்ந்தது. பார்சல் கிளம்பிய நாளிலிருந்து ஸ்பாம் பெட்டியைத் தினமும் பாருங்கள்.

பொருள் விவரத்தில் கடைக்காரர் என்ன எழுதுகிறார் என்பது முக்கியம். முழு ரயில் செட்டும் எஞ்சினும் பொம்மைகளுக்கான பிரிவில் வரும். அந்தப் பிரிவின் அடிப்படைச் சுங்க வரி 2020-இல் 60, 2023 பட்ஜெட்டில் 70 விழுக்காடு என்று ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ தரக் கட்டாயமும் இருக்கிறது. டிகோடர் ஒரு எலக்ட்ரானிக் போர்டு. அதை அப்படியே, மாடல் எண்ணோடு, உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். வெறுமனே ‘ரயில் பொம்மை’ என்று எழுதி அனுப்பினால் நீங்கள்தான் உட்கார்ந்து விளக்க வேண்டியிருக்கும். விலையைக் குறைத்து எழுதச் சொல்லாதீர்கள். இன்வாய்ஸோடு ஒத்துப்போகாத பார்சல்தான் முதலில் நிற்கும்.

சொந்தக்காரரை ‘கிஃப்ட்’ என்று போட்டு அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். 5,000 ரூபாய் வரையான அன்பளிப்புப் பார்சலுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது அதனால் பயன் இல்லை.

நம் ஊருக்குச் சரியாக வரும் வழி, லீவில் வருகிறவர் கையில் கொடுத்தனுப்பச் சொல்வது. 2016 பேகேஜ் விதிகளில் இந்தியரும், வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினரும் 50,000 ரூபாய் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று இருந்தது. வரம்பை அவ்வப்போது மாற்றுவார்கள், டிக்கெட் போடும் சமயத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். என் இரண்டாவது, மூன்றாவது டிகோடர்கள் அத்தையின் கைப்பையில் வந்தன. இன்வாய்ஸையும் கூட வைக்கச் சொன்னேன். இந்தியாவில் வசிக்கிற நீங்களே பிரான்சுக்குப் போய் வருகிறீர்கள் என்றால், ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கி ‘தெத்தாக்ஸ்’ படிவம் கேட்டால் விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். அது வசிக்கும் இடத்தைப் பொறுத்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வைத்துக்கொண்டு புதுச்சேரியில் வசிப்பவருக்கும் கிடைக்கும். பாரிஸில் வசிக்கும் அத்தைக்குக் கிடைக்காது.

7. ஓட்டும் பெட்டி

தண்டவாளத்துக்குக் கட்டளை அனுப்ப ரெடிமேட் டிசிசி செட் நல்லதுதான், ஆனால் விலையும் கூடுதல், மேலே சொன்ன பொம்மை வரியின் தலைவலியும் உண்டு. நான் டிசிசி-இஎக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஆர்டுயினோ மெகாவில் ஏற்றிச் செய்தேன். சென்னை ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும்: மெகா போர்டு சுமார் 1,200 ரூபாய், எல்298 சில்லு உள்ள மோட்டார் ஷீல்டு சுமார் 500, வைஃபைக்கு இஎஸ்பி8266 சுமார் 200, 15 வோல்ட் அடாப்டர் சுமார் 600. காலை ஈசிஆர் பஸ்ஸில் போய் மாலை திரும்பிவிடலாம். ஓட்டுவதற்குக் கைபேசியில் எஞ்சின் டிரைவர் செயலி.

இங்கே உள்ள பெரிய கண்ணி: ஆர்டுயினோ மோட்டார் ஷீல்டின் அடியில் ‘விஇன் கனெக்ட்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதை பிளேடால் வெட்டாமல் 15 வோல்ட் கொடுத்தால் அது மெகா போர்டுக்குள்ளும் ஏறும். மெகாவுக்கு அந்த முனையில் 12-க்கு மேல் கொடுப்பது நல்லதல்ல. வெட்டிவிட்டு, மெகாவுக்கு யுஎஸ்பி வழியாகத் தனியாகக் கரண்ட் கொடுங்கள். எல்298 தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கும் என்பதால் தண்டவாளத்தில் 13 வோல்ட் அளவில் கிடைக்கும். ஹெச்ஓவுக்கு அது போதும்.

ஷீல்டின் ஒரு பக்கம் மெயின் லைனுக்கு, மறுபக்கம் டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் உதவும் புரோகிராமிங் தண்டவாளத்துக்கு. தனியாக 30 சென்டிமீட்டர் தண்டவாளத் துண்டு ஒன்றை புரோகிராமிங்குக்கு ஒதுக்குங்கள்.

8. வயரிங்

நிறங்கள் பெரும்பாலான நிறுவனங்களுக்குப் பொது. சிவப்பு வலது சக்கரத்துக்கு, கறுப்பு இடது சக்கரத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. நீலம் விளக்குகளுக்குப் பொதுவான பாசிட்டிவ், வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு. இஎஸ்யூவில் ஸ்பீக்கருக்கு இரண்டு பழுப்பு வயர். எஞ்சின் எதிர்ப்பக்கம் ஓடினால் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றிப் போட்டால் போதும்.

எல்இடியின் நீளக் காலுக்கு நீல வயர். ஒவ்வொரு எல்இடிக்கும் 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம். நீல வயர் எக்காரணத்தைக் கொண்டும் சேசிஸைத் தொடக் கூடாது.

25 வாட் சால்டரிங் அயர்ன், மெல்லிய ஈயம் போதும். ஆசிட் கலந்த பேஸ்ட் வேண்டாம், ஆறு மாதத்தில் வயரை அரித்துவிடும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை வயரில் ஏற்றிவிட்டுப் பற்றவையுங்கள்.

கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எஞ்சினுக்குள் பயன்படுத்தாதீர்கள். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடுகிற மாடி அறையில், அதன் பசை உருகி டேப் மெதுவாக நழுவும். என் ஜூஎஃப்பைத் திறந்தபோது டேப் ஒரு பக்கம் இறங்கி, கறுப்புப் பாகு மாதிரிப் பல்சக்கரம் வரை வழிந்திருந்தது. மஞ்சள் கேப்டான் டேப் வாங்குங்கள். மொபைல் ரிப்பேர் செய்கிறவர் எல்லாரிடமும் இருக்கும். அதையும் சேசிஸ் மேல் ஒட்டுங்கள், டிகோடரைச் சுற்றிக் கட்டிவிடாதீர்கள். டிகோடர் சூடு தணியக் காற்று வேண்டும்.

9. ஸ்பீக்கர்

ஓம் கணக்கைப் பாருங்கள். லோக்சவுண்ட் 5 க்கு 4 ஓமும் 8 ஓமும் ஆகும். மிகப் பழைய லோக்சவுண்ட் 3.5 டிகோடர்களுக்கு 100 ஓம் ஸ்பீக்கர் வேண்டும்; மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டிகோடர் வாங்கி 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டினால் ஒலிப் பகுதி போய்விடும்.

11-க்கு 15 மில்லிமீட்டர் ‘சர்க்கரைக் கட்டி’ ஸ்பீக்கர் பெரும்பாலான ஹெச்ஓ எஞ்சினில் நுழையும். அதை வெறுமனே மேசையில் வைத்துக் கேட்டால் கொசு ரீங்காரம் மாதிரிதான் இருக்கும், மனம் விட்டுப்போகும். பின்பக்கம் ஒரு சின்னப் பெட்டி வைத்து, ஓரங்களில் காற்றுப் புகாமல் பசையால் அடைத்துவிட்டுக் கேளுங்கள். அதே ஸ்பீக்கரிலிருந்து அடிவயிற்றில் கேட்கிற உறுமல் வரும். காற்று கசிந்தால் மீண்டும் கொசுதான். பெட்டிக்கு இடம் வேண்டி உள்ளே இருக்கும் எடைக் கட்டியை வெட்ட நேரிடும். கொஞ்சமாக வெட்டுங்கள், எடை குறைந்தால் சக்கரம் வழுக்கும், பெட்டிகளை இழுக்காது.

10. முதல் முறை கரண்ட் கொடுப்பது

மேல்கூட்டை மாட்டாமல், புரோகிராமிங் தண்டவாளத்தில் வைக்கவும். அங்கே கரண்ட் அளவாகத்தான் போகும்; தப்பு இருந்தாலும் டிகோடர் பிழைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நேராக மெயின் லைனில் வைக்காதீர்கள்.

டிகோடருக்குள் எண்ணிட்டு வைத்திருக்கும் அமைப்புகளுக்கு சிவி என்று பெயர். முதலில் சிவி 8-ஐப் படியுங்கள். இஎஸ்யூ என்றால் 151, ஜிமோ என்றால் 145, லென்ஸ் என்றால் 99 வர வேண்டும். எண் வந்தால் வயரிங் சரி. வரவில்லையென்றால் சக்கரத்தைத் துடையுங்கள், மோட்டார் வயரைப் பாருங்கள். மோட்டார் இணைப்பு இல்லாமல் டிகோடரால் பதில் சொல்ல முடியாது.

எண் வந்த பிறகு:

சிவி 1 என்பது எஞ்சின் எண். கடையிலிருந்து வரும்போது 3 இருக்கும். என் பிபி 67000-க்கு 67 வைத்தேன்.

சிவி 29-இல் பழைய டிசி ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள். 6 இருந்தால் 2, 14 இருந்தால் 10, 30 இருந்தால் 26. இல்லையென்றால் சில சமயம் எஞ்சின் கட்டளை இல்லாமலே பாயும்.

சிவி 3 புறப்படும் நிதானம், சிவி 4 நிற்கும் நிதானம், சிவி 5 அதிகபட்ச வேகம். டிவிடி மோட்டார் போட்டவர்கள் சிவி 5-ஐ முதலில் குறைத்துவிட்டுத்தான் மெயின் லைனுக்குப் போக வேண்டும்.

லோக்சவுண்ட் 5-இல் சிவி 54-இல் 0 எழுதிவிட்டு, மெயின் லைனில் ஒரு மீட்டருக்கு மேல் நேர்பாதையில் வைத்து செயலியில் எஃப்1 பொத்தானை அழுத்துங்கள். எஞ்சின் ஒரு பாய்ச்சல் பாய்ந்து நிற்கும். மோட்டாரை டிகோடர் தானே அளந்துகொள்கிறது. பாதையின் முடிவில் கையை வைத்திருங்கள். என் ஜூஎஃப் அதற்கு முன் உதறி உதறிப் புறப்படும். இதற்குப் பிறகு உதறலே இல்லாமல் நகர்ந்தது.

சத்தத்தின் அளவு சிவி 63; உச்சம் 192. எங்கள் வீட்டில் 80. எல்லாம் குழம்பிவிட்டால் சிவி 8-இல் 8 எழுதினால் டிகோடர் பழைய நிலைக்குத் திரும்பும்.

இரண்டு மூன்று எஞ்சின் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: டிகோடர் போடாத டிசி எஞ்சினை டிசிசி தண்டவாளத்தில் நிறுத்தி வைக்காதீர்கள். அது ரீங்கரித்துக்கொண்டே சூடாகி மோட்டார் கெடும்.

11. செலவும் நாளும்

முதல் எஞ்சினுக்கு டிகோடர் 10,350, ஓட்டும் பெட்டி 2,500, அயர்ன், மீட்டர், டேப், ஈயம் எல்லாம் சேர்த்து 1,500. தபாலும் வரியும் தனி. ஓட்டும் பெட்டியும் கருவிகளும் ஒரு முறைச் செலவு. சத்தம் வேண்டாம், டிசிசி மட்டும் போதும் என்றால் 30, 40 யூரோவில் டிகோடர் முடிந்துவிடும். மூன்று எஞ்சின் இருந்தால் ஒன்றுக்குச் சத்தம், மற்றவற்றுக்குச் சாதா டிகோடர் என்று தொடங்குவதே என் யோசனை.

நாள் கணக்கு: சுத்தம் செய்து அளந்து பிரிக்க இரண்டு வார இறுதி. ஆர்டர் கைக்கு வர மூன்று முதல் ஐந்து வாரம். பொருத்தவும் சரிபார்க்கவும் இன்னொரு வார இறுதி. மூன்றாவது எஞ்சினை நான் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தேன். டிகோடர் வந்த வாரமே சோதித்துவிடுங்கள். குறை இருந்து திருப்பி அனுப்ப நேர்ந்தால் அசல் இன்வாய்ஸும் அனுப்பிய ரசீதும் வேண்டும். சரிசெய்து திரும்ப வரும்போது இது ஏற்கெனவே வரி கட்டிய பொருள் என்று காட்ட அவைதான் உதவும்.

12. ஐப்பசி மழைக்கு முன்

கடற்கரை ஊரில் தண்டவாளம் ஒரே வாரத்தில் மங்கும். பித்தளைத் தண்டவாளம் இன்னும் சீக்கிரம். ஓட்டுவதற்கு முன் ஐபிஏ நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும் வரை. முடிந்தால் டிகோடருக்கு இஎஸ்யூவின் பவர்பேக் போன்ற மின்சேமிப்பு கபாசிட்டர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை விநாடி தொடர்பு அறுந்தாலும் சத்தம் நிற்காது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் எஞ்சின்களை மூடி இறுகும் டப்பாவில், மருந்துப் பாட்டிலில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு அட்டை போடுங்கள்: எஞ்சின் எண், ஸ்டால் கரண்ட், டிகோடர் மாடல், வாங்கிய தேதி, மாற்றிய சிவி எண்கள். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கலையும்.